அத்தியாயம் 7: தண்ணீரின் புளிப்பும் காரமும்

வட சென்னையில் ஒரே வீட்டுக்குள் நான்கு விதமான தண்ணீர் புழங்குகிறது. சம்பில் மெட்ரோ தண்ணீர், மாடித் தொட்டியில் போர் தண்ணீர், சமையலறையில் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர். நான்கின் குணமும் வேறு வேறு. ஆனால் கடையில் விற்கும் 'ஆல்கலைன்' வடிகட்டியோ நான்குக்கும் தானே மருந்து என்கிறது.

இந்த அத்தியாயத்தில் மூன்று வேலைகள் இருக்கின்றன. எந்தத் தண்ணீருக்குத் திருத்தம் தேவை என்று கண்டுபிடிப்பது. தேவைப்பட்டதைச் செலவில்லாமல் திருத்துவது. தேவைப்படாததைத் தொடாமல் விடுவது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வீடுகளுக்கு மூன்றாவதுதான் பெரிய வேலை.

முதலில் இரண்டு எண்கள்

முதல் எண் பி.எச். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. 6 உள்ள தண்ணீர் 7 உள்ளதைவிடப் பத்து மடங்கும், 5 உள்ளது நூறு மடங்கும் அமிலத்தன்மை கூடியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, பி.எச். 6.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. இதில் தளர்வு கிடையாது.

இந்த வரம்பு வயிற்றைக் காப்பாற்ற வந்ததில்லை. நாம் குடிக்கும் மோரின் பி.எச். 4.5-ஐ ஒட்டியது, எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. வயிற்றுக்குள் சுரக்கும் அமிலம் அதைவிடக் கடுமை. உலக சுகாதார நிறுவனமும் உடல்நலத்தை வைத்து பி.எச்.சுக்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. வரம்பு எதற்கென்றால் குழாய்க்காக, குளோரினுக்காக, ருசிக்காக. அமிலத் தண்ணீர் இரும்பையும் செம்பையும் பித்தளையையும் அரித்து, அரித்ததை நம் டம்ளருக்குக் கொண்டுவரும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் குடிநீருக்கு ஆற்று நீரை எடுக்கத் தொடங்கியது; குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டது. பழைய குழாய்களின் ஈயம் வீட்டுக் குழாய்களில் இறங்கியது. கெட்டது ஆற்று நீரால் மட்டும் வரவில்லை, அந்த நீர் குழாயைத் தின்றதால் வந்தது.

இரண்டாவது எண் அல்கலினிட்டி. பரிசோதனைக் கூட அறிக்கையில் தனி வரியாக இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவு இது. கொஞ்சம் அமிலம் சேர்ந்தால் தண்ணீர் அதை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது இந்த எண்தான். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அல்கலினிட்டி உள்ள தண்ணீரில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டாலும் பி.எச். அதிகம் அசையாது. 10 மில்லிகிராம் உள்ள ஆர்.ஓ. தண்ணீரில் அதே இரண்டு சொட்டு பி.எச்.சைச் சடாரென்று கீழே தள்ளிவிடும். ஐ.எஸ். 10500 இதற்கு 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது.

இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்: பி.எச். எண்ணைத் துரத்தாதீர்கள், அல்கலினிட்டியைச் சரிசெய்தால் பி.எச். தானாக வந்து நிற்கும்.

உங்கள் வீட்டின் நான்கு தண்ணீர்

மெட்ரோ தண்ணீர். சென்னையின் பழைய வடபகுதிக்குப் புழல் ஏரியின் நீர் நூறாண்டுக்கு மேலாக வருகிறது. அதைச் சுத்திகரிக்கும் கீழ்ப்பாக்கம் நிலையம் 1914-இல் தொடங்கியது. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், வட சென்னைக்கும் நீர் தருவதற்காகக் கட்டியது. உப்பு நீக்கிய கடல்நீரில் தாதுக்கள் ஏறக்குறைய இருக்காது, அல்கலினிட்டியும் இருக்காது. அப்படியே அனுப்பினால் இரும்புக் குழாயையும் சிமென்ட் பூச்சையும் அரிக்கும். ஆகவே இத்தகைய நிலையங்களில் கடைசிக் கட்டமாகச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துத்தான் குழாயில் விடுவது உலக வழக்கம். நாம் வீட்டில் செய்யப்போகும் திருத்தமும் அதன் சின்ன வடிவமே. ஒழுங்காக வரும் மெட்ரோ தண்ணீர் பி.எச். வரம்புக்குள்தான் இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

போர் தண்ணீர். கடலோர மணலில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் இருந்தால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே உள்ள அந்த 1 அடியை மோட்டார் போட்டு உறிஞ்சிவிட்டால் கீழே 40 அடி உப்பு ஏறிவிடும். மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் வயலுக்கும் நகரத்துக்கும் ஆலைகளுக்குமாக இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. எனவே இங்கே போர் தண்ணீரின் நோய் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் இரும்பும், அமிலம் அரிது. பி.எச். 7.3 காட்டும், ஆனாலும் ஜி.ஐ. குழாய் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துப் பொத்துக்கொள்ளும். அரிப்பது குளோரைடு உப்பு. பி.எச்.சை ஏற்றி அதைத் தடுக்க முடியாது, குழாயை பி.வி.சி.க்கோ சி.பி.வி.சி.க்கோ மாற்றுவதுதான் வழி.

ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும். அமிலத்தன்மை உண்மையாகவே இருக்கும் இடம் இதுதான். ஆர்.ஓ. சவ்வு உப்பைத் தடுக்கும், பைகார்பனேட்டைத் தடுக்கும். கரைந்திருக்கும் கரியமில வாயுவைத் தடுக்காது. தாங்கும் சத்து இந்தப் பக்கம் நின்றுவிடுகிறது, அமிலம் மட்டும் அந்தப் பக்கம் போகிறது. அதனால் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இறங்குவது சாதாரணம். தண்ணீர் சப்பென்று இருப்பதற்கும் அதே வெறுமைதான் காரணம்.

மழைத் தண்ணீர். தூய காற்றில் பெய்யும் மழைக்கே பி.எச். சுமார் 5.6. நிலக்கரிப் புகையின் கந்தகம் கலந்தால் இன்னும் இறங்கும். ஆனால் தளம் எது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். சிமென்ட் மொட்டைமாடியில் ஓடி வரும் மழை, சிமென்ட்டின் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு நடுநிலைக்கு வந்துவிடும். தகரக் கூரையில் அப்படி நடக்காது. அமிலம் அப்படியே இருக்கும், தகரத்தின் துத்தநாகமும் கரையும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டில் குழாய் இறங்கியிருக்கும். முதல் மழையில் தளத்தின் சாம்பலும் கரியும் வரும்; அதை வெளியே விட்டுவிடுங்கள். தகரக் கூரை நீரைச் செடிக்கும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது எப்படி

மூன்று கருவிகள் போதும். பி.எச். சொட்டு மருந்துக் குப்பி, அல்கலினிட்டி பார்க்கும் கே.எச். குப்பி, டி.டி.எஸ். பேனா. முதல் இரண்டும் மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. கே.எச். குப்பியில் தண்ணீர் நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். பெரும்பாலான குப்பிகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரிக்கு லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் அல்கலினிட்டி. ஐந்து சொட்டில் மாறினால் 90.

டி.டி.எஸ். பேனா உப்பின் மொத்த அளவை மட்டுமே சொல்லும். அதைக் காட்டி அமிலமா காரமா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மின்னணு பி.எச். பேனா வாங்கினால், கூடவே வரும் 6.86, 4.01, 9.18 என்று எழுதிய பொட்டலங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்து, பேனாவை அதில் வைத்து எண்ணைச் சரிசெய்துகொண்ட பிறகே வீட்டுத் தண்ணீரில் வைக்க வேண்டும். பல மாதம் அலமாரியில் காய்ந்து கிடந்த பேனா காட்டும் எண், சும்மா ஓர் எண்.

சமையலறையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே வேதியியல். வெள்ளைத் தாளில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவிக் காயவைத்து, ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பாக மாறினால் காரம் கூடுதல், பி.எச். 8.5-ஐத் தாண்டியிருக்கலாம். மஞ்சளாகவே இருந்தால் அது நடுநிலையா அமிலமா என்று இந்தத் தாள் சொல்லாது. புதிதாகக் கட்டிய சம்புக்கு இது நல்ல சோதனை.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். இரவெல்லாம் குழாயில் நின்ற நீர் தனிக் கணக்கு. அரிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதையும் தனி டம்ளரில் பிடிக்கலாம்.

2. மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் சொட்டு மருந்தின் நிறமே வெளுத்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஒரு மணி நேரம் திறந்து வைத்த பிறகு பாருங்கள்.

3. ஆர்.ஓ. தண்ணீரில் பேனாவின் எண் நிலையாக நிற்காமல் ஊசலாடும். அதில் உப்பு இல்லாததே காரணம். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் படியுங்கள். தாள் பட்டை இங்கே பொய் சொல்லும், சொட்டு மருந்தே மேல்.

4. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்போது பாட்டிலில் காற்றுக்கு இடம் விடாமல் வாய்வரை நிரப்பி மூடி, அன்றே கொடுங்கள். வழியில் கரியமில வாயு வெளியேறினால் அங்கே வரும் பி.எச். உங்கள் குழாயின் பி.எச். ஆகாது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கிருமி பார்க்க வேண்டுமானால் அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

வீட்டுக்குள் தெரியும் அடையாளங்களும் உண்டு. பித்தளைக் குழாய்க்குக் கீழே, வாஷ்பேசினில் பச்சையும் நீலமுமாகக் கறை விழுந்தால் அமிலம் செம்பை அரிக்கிறது. வெள்ளை அரிசிச் சோறு லேசாக மஞ்சளடித்தால், டீ கறுத்து மேலே ஆடை கட்டினால் அல்கலினிட்டி கூடுதல். பருப்பு வேகாமல் நின்றால், சோப்பு நுரைக்காவிட்டால் கடினத்தன்மை. குழாயில் தெளிவாக வந்து வாளியில் பழுப்பானால் இரும்பு.

ஆற்றிப் பார்க்கும் சோதனை

திருத்தத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்; பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டு டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். ஒன்றை அப்படியே அளந்து எழுதுங்கள். இன்னொன்றை டீ ஆற்றுவது போல இரண்டு பாத்திரங்களுக்கு இடையே உயரமாகத் தூக்கி முப்பது முறை ஆற்றிவிட்டு அளந்து பாருங்கள். முதலாவது 6.0 காட்டி, ஆற்றியது 7-ஐ நெருங்கினால், அமிலத்துக்குக் காரணம் கரைந்திருந்த கரியமில வாயு மட்டுமே. ஆற்றும்போது அது காற்றில் போய்விட்டது. இரவில் வாயகன்ற பானையில் மெல்லிய துணியால் மூடி வைத்தாலும் இதுவே மெதுவாக நடக்கும்.

இப்போது ஆற்றிய தண்ணீரில் கே.எச். சொட்டு விட்டுப் பாருங்கள். முதல் சொட்டிலேயே நிறம் மாறும். பி.எச். 7-க்கு வந்த பிறகும் தண்ணீர் வெறுமையாகத்தான் இருக்கிறது. குடிக்க மட்டுமானால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. செம்புக் குடத்தில் ஊற்றி வைப்பீர்களென்றால், ருசி வேண்டுமென்றால், அடுத்த பகுதிக்குப் போகலாம்.

திருத்தும் வழிகள்

முதல் வழி: சுண்ணாம்புக்கல் வடிகட்டி. கால்சைட் எனப்படும் தூய சுண்ணாம்புக்கல் மணிகள் நிரம்பிய சிறு கார்ட்ரிட்ஜ் இது. அமிலம் இருக்கும்வரை கல் கரையும். அமிலம் தீர்ந்ததும் கரைவதும் நின்றுவிடும். அளவு மிஞ்சிப்போகும் பயம் இல்லாதது இதன் பெரிய குணம். பி.எச். 7-லிருந்து 8-க்குள் வந்து நிற்கும்.

கணக்கு எளிது. கரியமில வாயு 44 பங்குக்குச் சுண்ணாம்புக்கல் 100 பங்கு கரையும். உங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச். 6.0, அல்கலினிட்டி 10 என்றால், கரைந்திருக்கும் வாயு லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம். அதைத் தீர்க்க 45 மில்லிகிராம் கல் கரையும். அல்கலினிட்டி 10-லிருந்து 55-க்கு ஏறும். நாள்தோறும் 20 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் குடும்பத்துக்கு, நாளைக்கு 1 கிராம்கூட ஆகாது; வருடத்துக்கு 330 கிராம். அரைக் கிலோ கல் ஒரு வருடத்துக்கு மேல் வரும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்லும் ஏஜென்ட்டிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். கரைந்து தீர்வதற்கு முன்பே பாசி படியக்கூடும் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மாட்டும் இடம் முக்கியம். சவ்வுக்கும் சேமிப்புத் தொட்டிக்கும் நடுவே மாட்டச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போகும், கல்லோடு தங்கிப் பேச நேரம் கிடைக்கும். தொட்டிக்குப் பிறகு, குழாய்க்கு முன்னால் மாட்டினால் வேகமாக ஓடிவிடும். கல் இருந்தும் பயன் இருக்காது.

தரை போடும் கடையின் பளிங்குச் சில்லுகளைக் குடிநீரில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். சில்லின் மேல் வினிகர் விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், நுரைக்காவிட்டால் வெறும் கல். ஆனாலும் அதில் ஒட்டியிருக்கும் மெருகும் தூசும் எதுவென்று தெரியாது; குடிநீர்த் தரம் என்று விற்கும் கால்சைட்டே வாங்குங்கள். எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து எடுத்த மட்டி, கிளிஞ்சல் ஓடுகளும் சுண்ணாம்புதான். ஆலைக் கழிவும் அனல்மின் சாம்பலும் எண்ணெயும் பார்த்த கழிமுகம் அது. அந்த ஓடுகளைத் தண்ணீர்ப் பானையில் போட வேண்டாம்.

இரண்டாவது வழி: கலப்பது. செலவே இல்லாதது. மெட்ரோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு பங்குக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேருங்கள். மெட்ரோவின் அல்கலினிட்டி 100, ஆர்.ஓ.வில் 10 என்றால் கலவையில் 28 வரும். பிறகு ஆற்றிப் பானையில் ஊற்றுங்கள், பி.எச். 7-ஐத் தொடும், ருசியும் திரும்பும். மெட்ரோ தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வரும் நாளில் இதைச் செய்யக் கூடாது.

ஆர்.ஓ. இயந்திரத்தில் இருக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் திருகும் இதே வேலையைத்தான் செய்கிறது: சவ்வைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீரை விட்டுக் கலக்கிறது. மெட்ரோ தண்ணீர் ஓடும் இயந்திரத்தில் திறக்கலாம், கலந்த நீர் யு.வி. விளக்கைக் கடந்து வருவதை உறுதிசெய்துகொண்டு. போர் தண்ணீர் ஓடும் இயந்திரத்தில் அந்தத் திருகை மூடியே வையுங்கள். சவ்வு தடுத்ததையெல்லாம் அது உள்ளே விடும்.

இதோடு சேர்த்து ஒரு கேள்வி: உங்களுக்கு ஆர்.ஓ. தேவைதானா? மெட்ரோ தண்ணீரின் டி.டி.எஸ். 500-க்குக் கீழ் இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம் என்பதே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் போட்ட உத்தரவின் கருத்தும். கொதிக்கவைத்தால் போதும், அமிலச் சிக்கலே எழாது.

மூன்றாவது வழி: ஆப்ப சோடா. அவசரத்துக்கு மட்டும். 20 லிட்டர் கேனுக்கு 1.7 கிராம், அதாவது டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. அல்கலினிட்டி 50 ஏறும்; லிட்டருக்கு 23 மில்லிகிராம் சோடியமும் சேரும். ஆரோக்கியமானவருக்கு அது சிறிய அளவு. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தால் வேண்டாம். ஆப்ப சோடா வேறு, சலவைச் சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. பின்னிரண்டும் குடிநீர்ப் பக்கமே வரக் கூடாது.

செய்யக் கூடாதது: வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவை ஊற்றுவது. சுண்ணாம்புத் தெளிநீரின் பி.எச். 12-க்கு மேல். தாங்கும் சத்தில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லியே போதுமானது. இன்னொரு 10 மில்லி கூடினால் அமிலத் தண்ணீர் காரத் தண்ணீராகிவிடும். ஆலையில் இதைச் செய்ய அளவு பார்க்கும் கருவியும் ஆளும் உண்டு, நம் கையில் கரண்டிதான் இருக்கிறது.

செம்புக் குடம் வைத்திருப்பவர்களுக்கு

புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கிறது; புளியின் அமிலம் மேல்படலத்தைக் கரைப்பதால்தான். அமிலமான ஆர்.ஓ. தண்ணீரை இரவெல்லாம் செம்பில் வைத்தால் அதே வேலை மெதுவாக நடக்கும். தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத நிலையில் 1.5 வரை என்கிறது ஐ.எஸ். 10500. செம்பில் வைப்பதாக இருந்தால் மெட்ரோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுங்கள், அல்லது கால்சைட் வழியாக வந்ததை ஊற்றுங்கள். எலுமிச்சை, மோர், நன்னாரி எதையும் செம்பில் வைக்காதீர்கள். கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீர் எவர்சில்வரிலேயே இருக்கட்டும்.

பி.எச். ஏறிப்போனால்

புதிய அடுக்குமாடியில் குடியேறியதும் தண்ணீர் வழுவழுப்பாக இருக்கிறது, மஞ்சள் தாள் சிவக்கிறது என்றால் போர் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். புதிய சிமென்ட் சம்பின் சுண்ணாம்பு கரைந்து பி.எச்.சை 10-க்கு மேலே கொண்டுபோகும். ஆசிட் ஊற்றுவது தீர்வாகாது. சம்பை நிரப்பி இரண்டு நாள் நிற்கவிட்டு, அந்த நீரைக் கட்டட வேலைக்கோ கழுவவோ விட்டுக் காலிசெய்து, மறுபடி நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் அளந்து, 8.5-க்குக் கீழே வந்ததும் புழக்கத்துக்கு விடலாம்.

கெட்டில், ஹீட்டர், வாஷிங் மெஷினில் படியும் வெள்ளைப் படிவுக்கு அமிலம் நல்ல மருந்து. தண்ணீரில் கலக்காமல் பாத்திரத்துக்கு மட்டும். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து அரைமணி ஊறவிட்டுக் கழுவினால் போதும்.

குளோரினும் ஆசிட்டும்

பிளீச்சிங் பவுடரின் கிருமி கொல்லும் சக்தி பி.எச்.சைச் சார்ந்தது. 7.5-இல் பாதி குளோரின் வலுவான வடிவத்தில் இருக்கும், 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே சம்பில் முதலில் குளோரின், பிறகே பி.எச். திருத்தம். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பவுடரானால் 1000 லிட்டருக்கு 4 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, தெளிவை மட்டும் சம்பில் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது ஆளை வீழ்த்தும். சம்பைச் சுத்தம் செய்ய ஆசிட்டோடு உள்ளே இறங்க யாரையும் அனுமதிக்காதீர்கள். மூடியே கிடந்த சம்பில் ஆசிட் இல்லாமலும் காற்று நஞ்சாகியிருக்கலாம். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாடவிட்டு, மேலே ஒருவர் நின்று பார்க்க, பிறகே இறங்க வேண்டும்.

பி.எச். காட்டிக்கொடுக்காதவை

2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் போர் தண்ணீரில் ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம்வரை பரவியது. இத்தகைய தண்ணீரிலும் பி.எச். பேனா அழகாக 7.2 காட்டும். கழிவுநீர் கலந்த மெட்ரோ தண்ணீரிலும் அப்படித்தான். ஈயம், ஆர்சனிக், கிருமி எதையும் அந்த எண் சொல்லாது.

ஆகவே எண்ணெய் வாசனை, மேலே வானவில் படலம், சாக்கடை நாற்றம், திடீர்க் கலங்கல் எதைக் கண்டாலும் திருத்த முயலாதீர்கள். கொதிக்கவைத்தாலும் எண்ணெய் போகாது. அந்தத் தண்ணீரை நிறுத்தி, சம்பு வால்வை மூடி, குடிநீர் வாரியத்தின் 044-4567 4567 எண்ணுக்குப் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தெருவில் இன்னும் நான்கு வீட்டில் கேட்டு, அவர்களையும் புகார் செய்யச் சொல்லுங்கள். ஒரு வீட்டின் குழாயா தெருக் குழாயா என்பது அப்போதுதான் பிடிபடும்.

வாசலுக்கு வரும் விற்பனையாளர்

வழக்கமாக இரண்டு வித்தைகள் காட்டுவார். ஒன்று, உங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு மின்முனைகளை வைத்துச் சுவிட்சைப் போடுவது. தண்ணீர் பழுப்புக் குழம்பாகும். அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். குழம்பு வந்தது அவருடைய இரும்பு முனை கரைந்ததால். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, இரும்பும் கரையவில்லை. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சொட்டு மருந்து விட்டு கேன் தண்ணீரை மஞ்சளாக்கி, தன் ஆல்கலைன் தண்ணீரை நீலமாக்குவது. நிறம் உண்மை, அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு பொய். காரத் தண்ணீர் வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள அமிலம் அதைச் சில நொடியில் தீர்த்துவிடும், ரத்தத்தின் பி.எச்.சை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது நாம் மேலே சொன்ன சுண்ணாம்புக்கல்லும் மக்னீசியம் உருண்டைகளும்தான்.

என்ன, எப்போது

மெட்ரோ தண்ணீர்: பி.எச். 6.5–8.5 இருந்தால் திருத்தம் இல்லை. மாதம் ஒருமுறை வாசனையும் நிறமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எச்.சும் அல்கலினிட்டியும்.

போர் தண்ணீர்: கோடையில் ஒருமுறை, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை டி.டி.எஸ். அளந்து பாருங்கள். 2000-ஐத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். பி.எச்.சுக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஆர்.ஓ., கேன்: ஆற்றிப் பார்க்கும் சோதனை. ஆற்றி 7-க்கு வந்தால் பானை போதும். ருசிக்கும் செம்புக்கும் கால்சைட். ஆற்றியும் 6.5-க்குக் கீழேயே நின்றால் இயந்திரத்தை மெக்கானிக்கிடம் காட்டுங்கள், கேனானால் கடையை மாற்றுங்கள்.

மழை: சிமென்ட் தள நீர், முதல் மழை கழித்து, சம்புக்கோ கிணற்றுக்கோ. தகரக் கூரை நீர் செடிக்கு.

கையில் இருப்பது ஆயிரம் ரூபாய்தான் என்றால் ஆல்கலைன் கார்ட்ரிட்ஜைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சம்பைக் கழுவுங்கள், மூடியின் இடுக்கை அடையுங்கள், மீதிப் பணத்தில் ஒரு கே.எச். குப்பியும் பி.எச். குப்பியும் வாங்கி, நான்கு தண்ணீரின் எண்களையும் தேதியோடு சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஏஜென்ட் வரும்போது பேச்சை அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.